மெர்டேக்கா இரவும் பினாங்குக் கடற்கரையும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் பிறந்ததும் பினாங்கில் கார் ஜன்னல்களிலும் மோட்டார் சைக்கிள் கண்ணாடிகளிலும் கொடி முளைத்துவிடும். மாதக் கடைசியில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: முப்பதாம் தேதி ராத்திரி வாணவேடிக்கை பார்க்க எங்கே போகலாம்? தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்கள், பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் மாற்றலாகி வந்தவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வாணவேடிக்கை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதைப் பார்க்கப் போய்த் திரும்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும். அந்த நிமிடங்களை மட்டும் நினைத்துக்கொண்டு கிளம்பினால் கால் வலியும் எரிச்சலும்தான் மிச்சம். மாலையிலிருந்தே திட்டம் போட்டு, முக்கியமாக வீடு திரும்பும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டுக் கிளம்பினால், ஆண்டு முழுக்கப் பேசும் இரவாக அது அமையும்.

தேதியைச் சரியாகப் பிடியுங்கள்

மெர்டேக்கா என்றால் விடுதலை. சுதந்திர தினம் ஆகஸ்ட் 31. ஆனால் வாணவேடிக்கை அதற்கு முந்தைய நாள் இரவு, மணி பன்னிரண்டைத் தொடும்போது. முப்பத்தொன்றாம் தேதி இரவு கடற்கரைக்குப் போய் வானத்தைப் பார்த்து நின்றவர்கள் உண்டு. 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 நள்ளிரவில் கோலாலம்பூர்த் திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறியது. மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் பிரகடனத்தை வாசித்து ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கினார். நள்ளிரவில் ஒரு கூட்டம், காலையில் ஒரு விழா என்று இன்றும் நடப்பது அந்த வரிசைப்படிதான்.

ஆகஸ்ட் 30 விடுமுறை நாளல்ல. வேலை முடிந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, குளித்துக் கிளம்பவே ஏழு மணியாகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

எங்கே வாணவேடிக்கை என்பதை மாநில அரசோ பினாங்குத் தீவு மாநகர் மன்றமோ அறிவிக்கும். இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். வாணவேடிக்கையே இல்லாமல் போன ஆண்டுகளும் உண்டு; கோவிட் காலத்தில் அப்படித்தான் ஆனது. எனவே கடைசி வாரத்தில் தமிழ் நாளேட்டையோ மின்னல் எஃப்எம் செய்தியையோ மாநகர் மன்றத்தின் முகநூல் பக்கத்தையோ பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் போஸ்டரை நம்பாதீர்கள். அது போன வருடத்து போஸ்டராகவும் இருக்கலாம்.

எந்தக் கடற்கரை?

சொந்த வண்டி இல்லாத புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் பாடாங் கோத்தா லாமா, அதாவது எஸ்பிளனேட். இங்கே மணல் கிடையாது. பெரிய புல்திடல், அதையொட்டிக் கடல் சுவர், எதிரே பட்டர்வொர்த் விளக்குகள். ஒரு பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை, இன்னொரு பக்கம் வெள்ளை வெளேரென்று பழைய மாநகராட்சிக் கட்டடம். லிட்டில் இந்தியாவுக்கும் பெர்ரி ஜெட்டிக்கும் நடந்தே போய்விடலாம். பசித்தாலும் கழிவறை தேவைப்பட்டாலும் வண்டி கிடைக்காவிட்டாலும் தவிக்க வேண்டியதில்லை. கூட்டம் அதிகம்தான். ஆனால் திடல் பெரியது, கலைந்து போகத் தெருக்களும் நிறைய உண்டு.

அடுத்தது கர்னி டிரைவ். கடலோர நடைபாதையும் அங்காடி உணவும் உண்டு. பேரங்காடிகள் இருப்பதால் மழைக்கு ஒதுங்கலாம், குழந்தைக்குத் துணி மாற்றலாம். இங்கேயும் கால் நனைக்கும் மணற்கரையை எதிர்பார்க்காதீர்கள். அலை இறங்கினால் சேறு தெரிந்த இடம் இது. இப்போது கடலைத் தூர்த்துப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். சாலை நெரிசல்தான் இதன் பெரிய குறை. காரில் போனால் பத்து மணிக்குமேல் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது.

மணலில் பாய் விரித்து உட்கார வேண்டும் என்றால் பத்து ஃபெரிங்கிதான். வாணவேடிக்கை அங்கே என்று அறிவிப்பு வந்திருந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனிலிருந்து அங்கே போக மலையையும் கடலையும் ஒட்டி வளைந்து செல்லும் ஒரே சாலைதான். அதில் ஒரு விபத்து நடந்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போவதென்றால் அங்கேயே அறை எடுத்துத் தங்குவது நல்லது. இல்லாவிட்டால் அதிகாலைவரை கரையில் இருக்கத் தயாராகப் போக வேண்டும்.

கடலுக்கு எதிர்ப்புறம், பெருநிலத்தில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் குடியிருப்பவர்கள் தீவுக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. பாகான் ஆஜாம் பக்கம் பந்தாய் பெர்சேவிலிருந்து பார்த்தால் தீவின் விளக்குகள் நீர்மேல் வரிசையாகத் தெரியும். தூரத்து வாணவேடிக்கை சிறிதாகத்தான் தெரியும், சத்தமும் பிந்தித்தான் வரும். கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கு அதுவே நிம்மதி.

போக்குவரத்தை முடிவு செய்யும்போது

ராபிட் பினாங்கின் 101ஆம் எண் பேருந்து ஜெட்டியிலிருந்து கொம்தார், தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா வழியாக பத்து ஃபெரிங்கிக்கும் தெலுக் பாஹாங்குக்கும் போகிறது. போவதற்கு அது போதும். திரும்புவதற்கு அதை நம்பாதீர்கள். நள்ளிரவு தாண்டிப் பேருந்து வரும் என்று நிறுத்தத்தில் காத்திருப்பது வீண். பெர்ரியில் வருகிறவர்கள் ஏறும்போதே கவுண்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள்: இன்று கடைசிப் படகு எத்தனை மணிக்கு? பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வாணவேடிக்கை முடியும்வரை நிற்பதா, முன்னமே கிளம்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையோ வங்கி அட்டையோ கையில் இருக்கட்டும்.

கிராப் காரில் திரும்பலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பன்னிரண்டரை மணிக்கு அத்தனை பேரும் ஒரே இடத்தில் நின்று போனைத் தட்டினால் கட்டணம் ஏறும், ஓட்டுநர்களும் அந்தப் பக்கம் வரத் தயங்குவார்கள். இதற்கு வழி ஒன்றுதான். கூட்டத்தை விட்டு நடந்து விலகுங்கள். பாடாங்கில் இருந்தால் லெபோ பினாங் வழியாக லிட்டில் இந்தியாவைத் தாண்டிப் போங்கள். கர்னியில் இருந்தால் ஜாலான் கெலாவாய், அங்கிருந்து ஜாலான் பர்மா என்று உள்ளே நடந்துவிடுங்கள். அப்புறம் திறந்திருக்கும் மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக் கடையில், உட்கார்ந்து ஒரு தெ தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடியுங்கள். ஒன்றரை மணிவாக்கில் கட்டணம் தானாக இறங்கும். அவசரப்பட்டுச் சாலை நடுவில் நின்று வண்டி தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அன்றிரவு போலீஸ் சாலைத் தடுப்புகள் கூடுதலாக இருக்கும். லைசென்ஸ், சாலை வரி, ஹெல்மெட் மூன்றும் சரியாக இருக்கட்டும். கூட்டமாக ரேஸ் விடும் பையன்கள் பக்கத்தில் வந்தால் வேகத்தைக் குறைத்து அவர்களைப் போகவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். வேலை அனுமதி அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தடுத்து நிறுத்தினால் கூட வந்தவர்களின் இரவும் கெட்டுப்போகும்.

பையில் என்னென்ன?

பாய், ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி, மழைக்கோட்டு, பவர் பேங்க், கொசு மருந்து, ஈரத் துடைப்பான், குப்பைக்கு இரண்டு பிளாஸ்டிக் பை. குடைக்குப் பதில் மழைக்கோட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் பினாங்கில் மாலை மழை சகஜம். கூட்டத்தில் குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, கம்பி கண்ணில் படும். சிறு குழந்தை இருந்தால் காதை மூடும் ஹெட்போன் போன்ற கவசம் ஒன்று வாங்கிவிடுங்கள். பஞ்சு வைத்தால் போதாது.

சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எட்டு மணிக்குமேல் வரிசை நீளும். லிட்டில் இந்தியாவில் ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிடலாம், அல்லது தோசையோ நாசி கண்டாரோ (சோறும் கறிக்குழம்பும்) தாபாவ் செய்துகொண்டு, அதாவது பொட்டலம் கட்டிக்கொண்டு, போகலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு. ஆனால் ஒன்றை மட்டும் அங்கேயே வாங்கிச் சாப்பிடச் சொல்வேன்: பசெம்பூர். பினாங்கு இந்திய முஸ்லிம்களின் கைப்பக்குவம் அது. தட்டை எடுத்து வேண்டிய வடை, இறால் பொரியல், தோஃபு, அவித்த முட்டை என்று நீங்களே பொறுக்கிக் கொடுத்தால், கடைக்காரர் கத்தரியால் டக் டக்கென்று வெட்டிப் போட்டு, துருவிய வெள்ளரியையும் செங்குவாங் கிழங்கையும் மேலே அள்ளிப் போட்டு, சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் சேர்ந்த கெட்டிக் குழம்பைச் சுடச்சுட ஊற்றுவார். எடுத்து வைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை என்பதை மறந்துவிட்டு அடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன்பே மொத்தம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கேட்டுவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இடம் பிடிப்பது

ஆகஸ்ட் கடைசியில் பினாங்கில் பொழுது சாய்வது ஏழரை மணிவாக்கில். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். முதல் வேலை, எங்கிருந்து விடப்போகிறார்கள் என்று கண்டுபிடிப்பது. தடுப்பு வேலி எங்கே போட்டிருக்கிறார்கள், பொம்பா (தீயணைப்பு) வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த வேலியை ஒட்டி உட்காரவே கூடாது. சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்தால் வானம் முழுசாகத் தெரியும், கழுத்தும் வலிக்காது.

இரண்டாவது, காற்று. ஒரு கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்தால் போதும். காற்று உங்கள் முதுகில் பட்டு, வெடிக்கும் பக்கம் போக வேண்டும். எதிர்த்திசையில் உட்கார்ந்தால் முதல் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு புகையைத்தான் பார்ப்பீர்கள். எரிந்த காகிதத் துணுக்குகளும் சாம்பலும் தலையில் விழும். பல இரவுகளில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் என்றாலும் அன்றன்று பார்த்துக்கொள்வதே சரி.

மணற்கரையாக இருந்தால் அலை ஏற்றத்தையும் கவனியுங்கள். ஈர மணலின் கருத்த கோட்டுக்கு மேலே, காய்ந்த இடத்தில் பாய் விரிக்க வேண்டும். இரவில் கடலில் இறங்க வேண்டாம். கூட்டம் முழுக்க வானத்தைப் பார்க்கும் நேரத்தில் தண்ணீரில் தத்தளிப்பவரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, சந்திக்கும் இடம். நள்ளிரவில் போன் இணைப்பு திணறும். "தொலைந்தால் இங்கே வந்து நில்" என்று ஒரு இடத்தைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டிவிடுங்கள். பாடாங் கோத்தாவுக்குப் போகிறவர்களுக்குக் கோட்டை அருகே இருக்கும் மணிக்கூண்டைவிட நல்ல அடையாளம் கிடையாது. விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்துக்குக் கட்டியது. சின்னப் பிள்ளைகளின் முன்கையில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள். அவசரம் என்றால் 999.

காத்திருக்கும் நேரம்

எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். எனக்கு அந்த இரவில் பிடித்ததே இந்த நான்கு மணி நேரம்தான். பக்கத்துப் பாயில் ஒரு மலாய்க் குடும்பம் கெரோபோக் அப்பளப் பொட்டலத்தை நீட்டும், பின்னால் சீனப் பாட்டி பேரனுக்கு விசிறிக்கொண்டிருப்பார், நீங்கள் முறுக்கு டப்பாவைத் திறந்தால் நாலு கை நீளும். மறக்காமல் முறுக்கு எடுத்துப் போங்கள்.

பிள்ளைகளுக்கு ஊர்க் கதை சொல்லவும் இதுவே நேரம். எதிரே இருக்கும் கோட்டை, 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தில் எழுந்தது. ஜார்ஜ்டவுன் மாநகரானது 1957 ஜனவரி 1ஆம் தேதி, அதே ஆண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. துங்கு தம் கடைசிக் காலத்தைக் கழித்தது இதே பினாங்கில்தான். விடுதலைக் காலத் தலைவர்களில் நம்மவர் யார் என்று கேட்டால், அப்போது மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தனைப் பற்றிச் சொல்லுங்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர்களிடம் ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அவர்களையே தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கியவர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெர்டேக்கா இரவில் இதைச் சொல்லாமல் வேறு எப்போது சொல்வது?

பட்டாசை நீங்கள் வெடிக்கலாமா?

இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். தமிழ்நாட்டுத் தீபாவளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பை நிறையப் பட்டாசு கொண்டுபோய்க் கரையில் கொளுத்த ஆசையாக இருக்கும். செய்யாதீர்கள். மலேசியாவில் பட்டாசும் வாண வெடியும் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அனுமதி இல்லாத ரகங்களை வைத்திருப்பதும் விற்பதும் வெடிப்பதும் குற்றம். அபராதம் மட்டுமல்ல, சிறையும் உண்டு. சாலையோரத்தில் மேசை போட்டு யாரோ விற்கிறார் என்பதால் அது அனுமதி பெற்ற சரக்கு ஆகிவிடாது. வெளிநாட்டவர்களுக்கு இதனால் விசா சிக்கலும் வரலாம். சீனப் புத்தாண்டில் மிஞ்சியது வீட்டில் கிடக்கிறது என்பார்கள் சிலர். மாதக்கணக்கில் ஈரம் ஏறிய மருந்து எப்போது வெடிக்கும், எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்பி மத்தாப்பு சின்ன விஷயம்தானே என்றும் நினைக்க வேண்டாம். அதன் நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தொடும். பக்கத்தில் யாரோ கொளுத்துகிறார்கள் என்றால் அணைந்த கம்பியை எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மணலில் குத்திவிட்டுப் போய்விடுவார்கள். சிவப்பு மறைந்தாலும் சூடு மறையாது. வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதன்மேல் மிதித்தால் பாதத்தில் கம்பி ஏறுவதோடு சுட்டும்விடும். எரிந்த கம்பிகளைப் போட ஒரு வாளித் தண்ணீர் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். வெடிக்காமல் கிடக்கும் எதையும் பிள்ளைகள் எடுத்துப் பார்க்க விடாதீர்கள்.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, சோயா கிச்சாப், வெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. கொப்புளம் வந்தாலோ முகத்திலோ கண்ணிலோ பட்டாலோ நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தீவில் பொது மருத்துவமனை ஜாலான் ரெசிடென்சியில் இருக்கிறது. கண்ணில் துகள் விழுந்தால் தேய்க்காதீர்கள்.

இளைஞர்கள் அடிக்கும் நுரை ஸ்ப்ரேயும் இதே கணக்குதான். அந்த டப்பாவில் இருப்பது தீப்பிடிக்கக்கூடிய வாயுவாக இருக்கலாம். மத்தாப்புக்குப் பக்கத்தில் அதை அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பன்னிரண்டு மணிக்கு

கடைசி நொடிகளை மலாயில் எண்ணுவார்கள். "லீமா, எம்பாட், தீகா, டுவா, சாத்து" என்று ஐந்திலிருந்து இறங்கும். முன்னால் ஒருவர் "மெர்டேக்கா" என்றதும் கூட்டம் கையை உயர்த்தித் திருப்பிச் சொல்லும். ஏழு முறை. வெட்கப்படாமல் நீங்களும் சொல்லுங்கள், நேற்று வந்தவராக இருந்தாலும் சரி. பக்கத்தில் இருப்பவரிடம் "செலாமாட் ஹாரி மெர்டேக்கா" என்று கை நீட்டினால் முகம் மலரும்.

நெகாராகூ ஒலித்தால் எழுந்து நேராக நிற்க வேண்டும். 1968ஆம் ஆண்டு தேசிய கீதச் சட்டமே அதைச் சொல்கிறது. வெளிநாட்டவர் பாடத் தேவையில்லை, நின்றால் போதும். அந்த நேரத்தில் செல்பி வேண்டாம், நடக்கவும் வேண்டாம்.

வாணம் விரியும்போது குழந்தைகளோடு ஒரு விளையாட்டு விளையாடலாம். வெளிச்சம் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மூன்று நொடி கழித்துச் சத்தம் வந்தால் வெடித்த இடம் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி. சத்தத்துக்கு அழுகிற பிள்ளைகூட எண்ணத் தொடங்கினால் அழுகையை நிறுத்திவிடும். நிறங்களையும் காட்டலாம்: சிவப்பு ஸ்ட்ரான்சியம், பச்சை பேரியம், மஞ்சள் சோடியம், நீலம் தாமிரம். நல்ல நீலம் வந்தால் கைதட்டுங்கள். சூடு கொஞ்சம் கூடினாலே வெளுத்துப்போகும் நிறம் அது, எடுப்பது கடினம்.

படம் எடுப்பதற்கு ஒரே யோசனை: போனைச் சுவரிலோ பையிலோ சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டுவிட்டு, கண்ணால் பாருங்கள்.

முடிந்த பிறகு

உடனே எழுந்து ஓடாதீர்கள். இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தால் நெரிசல் பாதி குறையும். அந்த நேரத்தில் உங்கள் பாயைச் சுற்றிக் கிடப்பதைப் பொறுக்கிப் பையில் போடுங்கள். கீழே கிடக்கும் கைக்கொடிகளைக் கண்டால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் மிதிபட்டுக் கிடப்பதைப் பார்க்க இந்த ஊரில் யாருக்கும் பொறுக்காது.

காலையில் மாநில அளவிலான அணிவகுப்பைப் பார்க்க விரும்பினால் இரவில் ஒரு மணிக்குள் வீடு சேரும் வழியைப் பாருங்கள். சாலைகளை விடியற்காலையிலேயே மூடிவிடுவார்கள், வெயிலும் எட்டரை மணிக்கெல்லாம் சுடும். பிள்ளைகளுக்குத் தொப்பி எடுத்துப் போங்கள்.

வீட்டு வாசலில் கொடி கட்டுகிறவர்கள் நீலக் கட்டம் மேலே இடது பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை தெருவில் நின்று பார்த்துவிடுங்கள். செப்டம்பர் 16, மலேசியா தினம் வரை அது பறக்கலாம். மழையில் நனைந்து சாயம் போயிருந்தாலோ ஓரம் கிழிந்திருந்தாலோ இடையிலேயே மாற்றிவிடுங்கள். புதுக்கொடி சில வெள்ளிக்குக் கடைகளில் கிடைக்கும்.